ஏடிஜி5 புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியபோது: பிறவித் தள்ளாட்டம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

துருக்கியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் உடன்பிறந்த இருவருக்குப் பிறவியிலேயே இருந்த, உடல் அசைவுகளின் ஒருங்கிணைப்பைக் குலைக்கும் தள்ளாட்ட நோயின் மரபணுக் காரணத்தை, 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘ஈலைஃப்’ ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரை விளக்கியது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்கிட் பர்மைஸ்டர், டேனியல் கிளியோன்ஸ்கி, ஜுன் ஹீ லீ ஆகியோருடன் இணைந்து பணியாற்றிய ஆய்வாளர்கள் கண்டறிந்த காரணம், ஏடிஜி5 என்னும் புரதத்தின் 122ஆம் இடத்தில் இருக்க வேண்டிய குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக அஸ்பார்டிக் அமிலம் அமைந்திருந்தது என்பதே. செல் தன் சொந்தப் பொருள்களையே செரித்துக்கொள்ளும் தன்னுண்ணலில், ஏடிஜி5 பங்கேற்கும் புரத இணைப்புப் படியின் மரபணுக்களில் எதிலும், மனிதரிடம் மரபுவழியாக நோய் உண்டாக்கும் மாற்றம் அதற்கு முன்பு பதிவாகியிருக்கவில்லை. ஈஸ்டிலும் எலியிலும் பல ஆண்டுகளாகத் துருவி ஆராயப்பட்ட அந்தப் படி, மனித நோயொன்றின் நேரடிக் காரணமாக முதன்முறையாகத் தென்பட்டது இந்தக் குடும்பத்தில்தான்.

இந்த நிகழ்வை விரிவாக எடுத்துப் பேசுவதற்கு, அது முதலாவது என்பது மட்டுமே காரணமன்று. ஏடிஜி5 புரதம் செய்யும் வேலை ஏறத்தாழ முழுவதும் வேறு புரதங்களின் மீது பொருத்தப்படும் சிறு புரதமான யுபிக்விட்டின், அதைப் போன்ற பிற புரதங்கள் ஆகியவற்றின் இணைப்பு வேதியியலைச் சார்ந்தது. அந்த இணைப்பு அடியோடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மரபணு நீக்கப்பட்ட எலிகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. இணைப்பு நடக்கிறது, ஆனால் குறைவாக நடக்கிறது என்ற நிலையில் ஒரு மனித உடல் எப்படி வளர்கிறது, எந்த உறுப்பு முதலில் தாழ்ந்துபோகிறது என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடிய சான்று இந்த உடன்பிறப்புகளிடமிருந்து கிடைத்தது.

நோயாளிகளின் நிலை

இருவருக்கும் பிறவியிலேயே தள்ளாட்டம் இருந்தது. வளர்ச்சிப் படிகள் தாமதமாயின. அறிவுத்திறன் வளர்ச்சியும் குன்றியிருந்தது. எம்ஆர்ஐ படத்தில் சிறுமூளை இருக்க வேண்டிய அளவைவிடச் சிறிதாக இருந்தது. துருக்கி நரம்பியலாளர்கள் 2005இல், சிறுமூளை வளர்ச்சிக் குறைவுடன் கூடிய, காலப்போக்கில் தீவிரமடையாத பிறவித் தள்ளாட்டமாக இத்தகைய குடும்பங்களின் நிலையை விவரித்திருந்தார்கள். தீவிரமடையாதது என்ற அந்த விவரிப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தன்னுண்ணல் குறைபாட்டிலிருந்து நாம் எதிர்பார்க்கும் நோயின் போக்கோடு அது எளிதில் ஒத்துப்போவதில்லை.

ஒரே பெற்றோரின் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே வகைக் குறைபாடு இருப்பதால் இரு பிரதிகளும் மாறினால் மட்டும் வெளிப்படும் ஒடுங்கு மரபு என்று கருதி, மரபணுத் தொடர்பாய்வையும், புரதங்களுக்கான மரபணுப் பகுதிகளை மட்டும் படிக்கும் எக்சோம் வரிசைப்படுத்தலையும் இணைத்துத் தேடியபோது, ஆறாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் உள்ள ஏடிஜி5 மரபணுவில் இரு பிரதிகளிலும் ஒரே மாற்றம் இருப்பது தெரியவந்தது. பிள்ளைகள் இந்த மாற்றத்தைத் தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் தாயிடமிருந்து ஒரு பிரதியுமாகப் பெற்றிருக்கிறார்கள். இத்தகைய வரிசைப்படுத்தலில் எந்த மனிதரிடமும் ஏராளமான மாற்றங்கள் தென்படும். ஒரே குடும்பத்தில் ஒரே மாற்றத்தைக் கண்டதாலேயே அதைக் காரணம் என்று அறிவித்துவிட முடியாது. அதிலும் இந்த மாற்றம், முதல் பார்வையில் தீங்கற்றது என்று ஒதுக்கித் தள்ளத் தக்க வகையைச் சேர்ந்தது. குளுட்டாமிக் அமிலமும் அஸ்பார்டிக் அமிலமும் செல்லுக்குள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு பக்கச் சங்கிலியில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜன்களும் மட்டுமே. புரத வரிசைகளை ஒப்பிடுவோர் பயன்படுத்தும் பிளோசம்62 அட்டவணையில் இந்த மாற்றீட்டிற்கு +2 என்ற நேர்மறை மதிப்பு உண்டு. அதாவது பரிணாமத்தில் இவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று அடிக்கடி வந்து அமர்ந்திருக்கின்றன. அப்படிப்பட்ட மாற்றம் ஒரு பிள்ளையின் நடையைப் பிறவியிலேயே குலைக்கக்கூடும் என்று காட்ட வேண்டுமானால், அந்த 122ஆம் இடம் என்ன வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டாக வேண்டும்.

இரண்டு இணைப்புகள்

செல் தன் சொந்தப் பொருள்களை இரட்டைச் சவ்வுப் பைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டுபோய், செல்லின் செரிமான அறையான லைசோசோமில் செரித்துக்கொள்வதைத் தன்னுண்ணல் என்கிறோம். பெல்ஜிய அறிவியலாளர் கிறிஸ்டியான் டி டுவே 1963இல் இதற்குப் பெயரிட்டார். ஆனால் அந்தப் பையை எந்தப் புரதங்கள் உருவாக்குகின்றன என்பது அதற்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு எவருக்கும் தெரியவில்லை. ஜப்பானின் யோஷினோரி ஓசுமி, ஈஸ்டில் லைசோசோமின் வேலையைச் செய்யும் வாக்குவோலில் புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு, செரிக்கப்படாத பைகள் வாக்குவோலுக்குள் குவிந்து நகர்வதைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே கண்டார். அந்தப் பைகள் குவியாத திடீர்மாற்ற ஈஸ்டுகளைத் தேடியபோது, 1993இல் பதினைந்து மரபணுக்கள் அவருக்கும் அவருடைய மாணவர் மிக்கி சுகாடாவுக்கும் அகப்பட்டன. தனித்தனிப் பெயர்களில் வழங்கிய இந்த மரபணுக்கள் 2003இல் ஏடிஜி என்ற பொதுப் பெயரின் கீழ் வந்தன. ஓசுமிக்கு 2016இல் உடலியல் அல்லது மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மரபணுக்களில் ஒன்றான ஏடிஜி12 முதலில் யாருக்கும் புரியாததாகவே இருந்தது. 186 அமினோ அமிலங்கள் கொண்ட ஈஸ்டின் ஏடிஜி12 புரதத்தின் வரிசையில் யுபிக்விட்டினோடு வெளிப்படையான ஒற்றுமை எதுவும் கிடையாது. ஆனால் அதன் கடைசி அமினோ அமிலம் கிளைசின். யுபிக்விட்டினிலும் அப்படித்தான்: 76 அமினோ அமிலங்களின் முடிவில் நிற்கும் கிளைசினின் கார்பாக்சில் முனை, வேறொரு புரதத்தில் உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு பிணைகிறது, அப்படிக் குறியிடப்பட்ட புரதம் பெரும்பாலும் சிதைவுக்கு அனுப்பப்படுகிறது. யுபிக்விட்டின் வழியிலான புரதச் சிதைவைக் கண்டறிந்ததற்காக ஆரன் சீச்சனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவரும் 2004இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒகாசாகியில் ஓசுமியின் ஆய்வகத்தில் பணியாற்றிய நொபோரு மிசுஷிமாவும் சக ஆய்வாளர்களும் 1998இல் காட்டியது இதுதான்: ஏடிஜி12இன் முடிவிலுள்ள கிளைசினை ஏடிஜி7 என்னும் நொதி ஆற்றல் செலவழித்துத் தயோஎஸ்டர் பிணைப்பால் பற்றிக்கொள்கிறது, பிறகு ஏடிஜி10இடம் ஒப்படைக்கிறது, இறுதியில் அது ஏடிஜி5இன் 149ஆம் இடத்து லைசினோடு நிலையாகப் பிணைகிறது. யுபிக்விட்டின் வேதியியலின் படிகள் அனைத்தும் இங்கே இருக்கின்றன. ஆனால் நோக்கம் வேறு. இங்கே பிணைக்கப்படும் ஏடிஜி5 சிதைவதற்காகக் குறியிடப்படுவதில்லை. அது வேலை செய்யத் தகுதி பெறுகிறது.

இரண்டு ஆண்டுகளில் இரண்டாவது இணைப்பும் வெளிவந்தது. என் மதிப்பீட்டில் இதுவே இரண்டிலும் வியப்புக்குரியது. 117 அமினோ அமிலங்கள் கொண்ட ஏடிஜி8 புரதத்தின் கடைசியிலுள்ள ஆர்ஜினினை ஏடிஜி4 வெட்டி நீக்க, அதன் அடியிலிருந்த கிளைசின் வெளிப்படுகிறது. அதே ஏடிஜி7 அதைப் பற்றி ஏடிஜி3இடம் கொடுக்க, அது போய்ப் பிணைவது எந்தப் புரதத்தோடும் அன்று. சவ்வில் உள்ள பாஸ்ஃபாட்டிடைல் எத்தனாலமைன் என்ற கொழுப்போடு. யுபிக்விட்டின் போன்றதொரு புரதம் கொழுப்போடு பிணைவதை 2000இல் இச்சிமுராவும் சகாக்களும் வெளியிடும்வரை எவரும் கண்டதில்லை. அதே ஆண்டில், பாலூட்டிகளின் எல்சி3 புரதம் ஏடிஜி8இன் இணை என்று கபேயாவும் யோஷிமோரியும் காட்டினார்கள். மனிதரில் இந்தக் குடும்பம் பெருகி, எல்சி3 வகைகளும் காபராப் வகைகளுமாக நிற்கிறது.

இந்த இரண்டும் தனித்தனி வழிகள் அல்ல. 2007இல் ஹனடாவும் ஓசுமியும் சோதனைக்குழாயில் காட்டியபடி, முதல் இணைப்பின் விளைபொருளான ஏடிஜி12–ஏடிஜி5 கூட்டு, இரண்டாவது இணைப்புக்கு யுபிக்விட்டின் வழியில் பிணைப்பை இறுதியாக நடத்திவைக்கும் மூன்றாம் நொதியைப் போல உதவுகிறது. ஏடிஜி12 பகுதி ஏடிஜி3ஐப் பிடிக்கிறது. ஏடிஜி5 பகுதி ஏடிஜி16 என்னும் இன்னொரு புரதத்தைப் பிடித்து, அதன் வழியாகப் பை உருவாகும் சவ்வில் அமர்கிறது. எல்சி3 எந்தச் சவ்வில், எந்த இடத்தில் கொழுப்போடு பிணைய வேண்டும் என்பதை இந்தக் கூட்டுத்தான் தீர்மானிக்கிறது. ஆகவே முதல் இணைப்பு குறைந்தால் இரண்டாவதும் குறையும். இன்னொரு வேறுபாடும் உண்டு. எல்சி3யைக் கொழுப்பிலிருந்து ஏடிஜி4 மறுபடியும் வெட்டி விடுவிக்கும். ஆனால் ஏடிஜி12ஐ ஏடிஜி5இலிருந்து பிரிக்கும் நொதி எதுவும் கிடையாது. உருவான கூட்டு அப்படியே நிலைத்திருக்கும். இயல்பான செல்களில் ஏடிஜி5இன் பெரும்பகுதி எப்போதும் ஏடிஜி12ஓடு பிணைந்தே காணப்படும். பிணையாத ஏடிஜி5 ஒரு செல்லில் கூடுதலாகத் தெரிந்தால், அந்தச் செல்லில் இணைப்பு சரியாக நடக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

122ஆம் இடம்

மனித ஏடிஜி5இல் ஏடிஜி12 பிணையும் லைசின் 130ஆம் இடத்தில் உள்ளது. ஈஸ்டில் 149ஆம் இடத்தில். நோயாளிகளில் மாறிய குளுட்டாமிக் அமிலம் மனிதரில் 122ஆம் இடத்தில். அதற்கு நிகரான அமிலம் ஈஸ்டில் 141ஆம் இடத்தில். இரண்டு உயிரிகளிலும் இடைவெளி சரியாக எட்டு. ஈஸ்டுக்கும் மனிதருக்கும் இடையில் பரிணாமம் எத்தனையோ அமினோ அமிலங்களை மாற்றிப் போட்டிருந்தும், பிணையும் லைசினுக்கு எட்டு இடம் முன்னால் குளுட்டாமிக் அமிலத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. அட்டவணையில் மென்மையாகத் தெரியும் மாற்றம் இந்த இடத்தில் ஏன் மென்மையாக இருக்காது என்பதற்கு இதைவிட நேரான தடயம் தேவையில்லை என்று நினைக்கிறேன். பொது அட்டவணைகள் எல்லாப் புரதங்களின் எல்லா இடங்களுக்குமான சராசரியைச் சொல்கின்றன. குறிப்பிட்ட இடத்தின் வரலாற்றை அவை அறியா.

கட்டமைப்பும் இதற்கு ஒத்துச் சொல்கிறது. ஏடிஜி5இன் உடலில் இரண்டு யுபிக்விட்டின் மடிப்புகளும் அவற்றுக்கு நடுவே சுருள்கள் நிறைந்த ஒரு பகுதியும் இருப்பதை 2007இல் படிகவியல் காட்டியிருந்தது. அதாவது யுபிக்விட்டின் போன்ற ஏடிஜி12, யுபிக்விட்டின் மடிப்புகளையே உறுப்பாகக் கொண்ட இன்னொரு புரதத்தோடு பிணைகிறது. இரண்டுக்கும் இடையில் அந்த ஒரு வேதிப்பிணைப்பு மட்டுமல்லாமல் பரந்த தொடுபரப்பும் உண்டு. 122ஆம் இடம் அந்தத் தொடுபரப்பின் அருகில் அமைகிறது. பக்கச் சங்கிலி ஒரு கார்பன் அளவு குறுகினால் மின்னூட்டம் அப்படியே இருக்கும், ஆனால் அது எட்ட வேண்டிய இடத்தை எட்டாது. இத்தகைய மாற்றம் புரதத்தை உருக்குலைப்பதில்லை. பல் ஒன்று தேய்ந்த சாவி பூட்டுக்குள் நுழைந்து, சில வேளை திரும்பி, சில வேளை முரண்டு பிடிப்பதைப் போலச் செயலைத் தயக்கமுள்ளதாக்குகிறது.

செல்களில் கண்டவை

நோயாளிகளின் இரத்தத்திலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட நிணநீர் செல்களில் இரண்டு செய்திகள் தெரிந்தன. ஏடிஜி12ஓடு பிணைந்த ஏடிஜி5இன் அளவு குறைந்திருந்தது. தன்னுண்ணலின் ஓட்டமும் குறைந்திருந்தது. முதலாவதை, புரதங்களை எடைப்படி பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் நேரடியாகக் காண முடியும், ஏனென்றால் கூட்டின் எடை தனித்த ஏடிஜி5ஐவிட மிக அதிகம், பட்டைகள் தெளிவாகப் பிரிந்து நிற்கும். இரண்டாவதைக் காண்பதில்தான் கவனம் தேவை. இந்தத் துறையில் பலரும் இடறி விழுவது இங்கேதான் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

கொழுப்போடு பிணையாத எல்சி3 ஒரு பட்டையாகவும், பிணைந்த எல்சி3 சற்றே கீழே இன்னொரு பட்டையாகவும் ஜெல்லில் தெரியும். பிணைந்தது எடையில் கூடியதாயினும், கொழுப்பின் தன்மையால் ஜெல்லில் வேகமாக ஓடும். கீழ்ப்பட்டை கூடியிருந்தால் தன்னுண்ணல் கூடியிருக்கிறது என்று எழுதிவிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. ஆனால் பிணைந்த எல்சி3இன் ஒரு பகுதி பையின் உட்சவ்வோடு லைசோசோமுக்குள் போய் அங்கே செரிக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே கீழ்ப்பட்டை கூடுவதற்கு இரண்டு நேர்மாறான காரணங்கள் இருக்கலாம்: பைகள் அதிகமாக உருவாகின்றன, அல்லது உருவான பைகள் செரிக்கப்படாமல் தேங்குகின்றன. அது குறைவதற்கும் அதேபோல இரண்டு காரணங்கள் உண்டு. இவற்றைப் பிரித்தறிய, லைசோசோமை அமிலமாக்கும் புரோட்டான் இறைப்பியைப் பாஃபிலோமைசின் ஏ1 கொண்டு தடுத்து, செரிமானத்தை நிறுத்திய பிறகு எவ்வளவு குவிகிறது என்று ஒப்பிட வேண்டும். தடுத்த பிறகும் பிணைந்த எல்சி3 குறைவாகவே இருந்தால், குறை செரிமானத்தில் இல்லை, பை உருவாகும் கட்டத்தில் இருக்கிறது என்று பொருள். இந்த நோயாளிகளின் செல்களில் கண்டது அந்த வகைக் குறையே. முதல் இணைப்பின் பற்றாக்குறை இரண்டாவது இணைப்பிலும் பற்றாக்குறையாக இறங்கியிருந்தது. ஏடிஜி5 இருந்தது, ஏடிஜி12 இருந்தது, ஏடிஜி7 இயங்கியது. அவற்றுக்கிடையே பிணைப்பு மட்டும் போதிய அளவு நடக்கவில்லை.

ஈஸ்டும் பழ ஈயும்

நிணநீர் செல்களில் காணும் குறைவு இந்த ஒரு மாற்றத்தால் நேர்ந்ததா, அந்தக் குடும்பத்தின் வேறு மரபணு வேறுபாடுகளால் நேர்ந்ததா என்ற கேள்வி அப்போதும் எஞ்சியிருந்தது. அதற்கு விடை தர, அந்த ஒரு மாற்றத்தைத் தவிர வேறெதுவும் வேறுபடாத உயிரி வேண்டும். ஈஸ்டின் ஏடிஜி5இல் 141ஆம் இடத்தில் இதே மாற்றத்தைச் செய்தபோது, பட்டினியால் தூண்டப்படும் தன்னுண்ணல் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது.

ஈஸ்டில் தன்னுண்ணலை அளக்கும் முறை, இந்த ஆய்வில் எண் ஒன்றைச் சொல்ல முடிந்ததற்கே காரணம். வாக்குவோலில் இயங்கும் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் நொதியின் முன்பகுதியை நீக்கிவிட்டால் அது வாக்குவோலுக்குத் தானாகப் போக முடியாமல் செல்லின் திரவத்திலேயே தங்கிவிடும்; அங்கே அது செயலற்றது. தன்னுண்ணல் பையில் அகப்பட்டு வாக்குவோலுக்குள் வந்து சேர்ந்த பகுதி மட்டும் அங்குள்ள நொதிகளால் வெட்டப்பட்டுச் செயல்பெறும். எனவே நொதியின் செயல்பாட்டை அளந்தால், எவ்வளவு சரக்கு வந்து சேர்ந்தது என்பதையே அளந்ததாகும். 1995இல் ஓசுமியின் ஆய்வகத்தில் நோடா உருவாக்கிய இந்தச் சோதனை, பட்டைகளைக் கண்ணால் மதிப்பிடுவதைக் காட்டிலும் நம்பத்தக்கது.

ஒற்றைச் செல் உயிரிக்கு நடை கிடையாது. தள்ளாட்டத்தைக் காண நரம்பு மண்டலமுள்ள உயிரி தேவை. பழ ஈயின் சொந்த ஏடிஜி5ஐ நீக்கிவிட்டு, அந்த இடத்தை நிரப்ப மனித ஏடிஜி5ஐ வைத்தார்கள். இயல்பான மனிதப் புரதத்தைப் பெற்ற ஈக்கள் தேறின. மாறிய மனிதப் புரதத்தைப் பெற்ற ஈக்கள் கடுமையான இயக்கக் கோளாறோடு இருந்தன. குழாயின் அடியில் தட்டிவிட்டால் ஈக்கள் இயல்பாக மேல்நோக்கி ஏறும். அந்த ஏறும் திறனே இங்கு அளவுகோல். மனிதப் புரதம் ஈயின் உடலில் வேலை செய்கிறது என்பதே, இந்த இணைப்பு வேதியியல் எவ்வளவு பழமையானது என்பதை உணர்த்துகிறது. நோயாளியின் மாற்றத்தை மூன்று உயிரிகளில், மூன்று வேறு அளவுகோல்களால் சோதித்து ஒரே திசையில் விடை பெற்றதால்தான், ஒரேயொரு குடும்பத்தின் மீது கட்டப்பட்ட இந்த முடிவு நிற்கிறது.

ஏன் சிறுமூளை?

தன்னுண்ணல் உடலின் எல்லாச் செல்களிலும் நடக்கிறது. அது குறையும்போது கல்லீரலோ இதயமோ முன்னுக்கு வராமல் சிறுமூளை முன்னுக்கு வருவதற்குக் காரணம் தேட, எலிகளிடம் திரும்ப வேண்டும். ஏடிஜி5 முற்றிலும் நீக்கப்பட்ட எலிக்குட்டிகள் பிறந்து ஒரு நாளுக்குள் இறந்துவிடுகின்றன என்று 2004இல் குமாவும் மிசுஷிமாவும் காட்டினார்கள். தொப்புள்கொடி வழி ஊட்டம் அறுந்து, தாய்ப்பாலின் ஊட்டம் நிலைபெறும் முன்பான பட்டினியைக் கடக்கத் தன்னுண்ணல் தேவைப்படுகிறது. 2006இல் இரண்டு குழுக்கள், ஒன்று ஏடிஜி5ஐயும் மற்றொன்று ஏடிஜி7ஐயும், நரம்பு மண்டலத்தில் மட்டும் நீக்கின. குட்டிகள் பிறப்பைக் கடந்து வாழ்ந்தன. ஆனால் சில வாரங்களில் நடை தடுமாறியது, நரம்பு செல்களில் யுபிக்விட்டின் ஏறிய புரதத் திரள்கள் சேர்ந்தன, சிறுமூளையின் புர்க்கிஞ்சி செல்கள் அழிந்தன. புர்க்கிஞ்சி செல்களில் மட்டும் ஏடிஜி7ஐ நீக்கிய 2007ஆம் ஆண்டின் ஆய்வில், செல்லின் உடலுக்கு முன்பே, செய்தியைக் கடத்தும் நீண்ட இழையான ஆக்சானின் முனைகள் வீங்கிச் சிதைந்தன. பிரிந்து பெருகும் செல்கள் தங்கள் கழிவை மகள் செல்களுக்கிடையே பங்கிட்டு நீர்க்கச் செய்துவிடலாம்; பிறவிமுதல் வாழ்நாள் முழுவதும் பிரியாமல் நிற்கும் நரம்பு செல்லுக்கு அந்த வசதி கிடையாது. அதிலும் பெரும் உடலும் பரந்த கிளைகளும் கொண்ட புர்க்கிஞ்சி செல்லுக்குக் கடமை அதிகம்.

யுபிக்விட்டின் ஏறிய திரள்கள் ஏன் சேர்ந்தன என்பதும் இந்தக் கதையின் உள்ளே அடங்குகிறது. பி62 போன்ற ஏற்பிப் புரதங்கள் ஒரு கையால் சரக்கின் மீதுள்ள யுபிக்விட்டினையும் மறு கையால் சவ்வின் மீதுள்ள எல்சி3யையும் பிடித்து, தேர்ந்தெடுத்த சரக்கைப் பைக்குள் இழுக்கின்றன. குறியிடுவதும் யுபிக்விட்டின், வாங்கிக்கொள்வதும் யுபிக்விட்டின் மடிப்புள்ள எல்சி3. வாங்கிக்கொள்ளும் முனை சவ்வில் அமராவிட்டால், குறியிடப்பட்ட சரக்கு போக இடமின்றித் தேங்குகிறது.

இவ்வளவும் பொருந்துகிறது; ஒன்று மட்டும் பொருந்தவில்லை. எலிகளில் நோய் பிறப்புக்குப் பின் தோன்றி வளர்ந்துகொண்டே போகிறது. அது சிதைவு நோய். துருக்கிக் குடும்பத்தில் குறைபாடு பிறவியிலேயே இருந்தது, பிறகு தீவிரமடையவில்லை. என் கருத்தில் இந்த வேறுபாட்டை, முற்றிலும் இல்லாமைக்கும் பகுதியளவுக் குறைவுக்கும் இடையிலான வேறுபாடாகவே படிக்க வேண்டும். பாதி அளவு தன்னுண்ணல் ஏற்கெனவே அமைந்த நரம்பு செல்லைப் பராமரிக்கப் போதுமானதாக இருக்கலாம். ஆனால் சிறுமூளை வேகமாக வளர்ந்து, செல்கள் இடம்பெயர்ந்து, நரம்பு செல்களுக்கிடையே தொடர்புகள் அமைந்து கலையும் காலத்தின் தேவைக்கு அது போதாமல் போயிருக்கலாம். அப்படியானால் இது பராமரிப்பின் நோயன்று, கட்டுமானத்தின் நோய். இந்த விளக்கம் இந்த ஒரு குடும்பத்தைக் கொண்டு நிறுவக்கூடியதன்று.

2021இல் வந்த துணைச் சான்று

ஐந்து ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டெய்லர் தலைமையிலான குழு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த பன்னிரண்டு நோயாளிகளை விவரித்தது. இவர்களிடம் மாறியிருந்தது ஏடிஜி7; அதாவது இரண்டு இணைப்புகளுக்கும் பொதுவான முதல் நொதி. தள்ளாட்டம், வளர்ச்சித் தாமதம், முக அமைப்பில் வேறுபாடுகள், சிறுமூளையிலும் இரு அரைக்கோளங்களை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்திலும் அமைப்புக் குறைகள் ஆகியவை பல்வேறு அளவுகளில் காணப்பட்டன. வேறு குடும்பங்களில், வேறு மரபணுவில், ஆனால் அதே இணைப்பு வேதியியலில் நேர்ந்த குறை, அதே சிறுமூளையைத் தொட்டது. துருக்கிக் குடும்பத்தின் முடிவை ஐயத்தோடு பார்த்தவர்களுக்கு இதைவிட நல்ல விடை கிடைத்திருக்க முடியாது.

இந்த நோயாளிகளில் சிலரிடம் ஏடிஜி7 புரதமே காணப்படவில்லை. எலியில் அது ஒரு நாளுக்குள் மரணம், இவர்களோ வாழ்கிறார்கள். அவர்களுடைய தோல், தசை மாதிரிகளில் சரக்கைப் பைக்குள் அடைக்கும் வேகம் பெரிதும் குறைந்திருந்தும், அடிப்படை அளவிலான தன்னுண்ணல் நடப்பதற்கான தடயங்கள் தெரிந்தன. எல்சி3 இணைப்பே இல்லாத செல்களிலும் பைகள் உருவாக முடிகிறது, ஆனால் உட்சவ்வு சிதைவது மிகவும் தாமதமாகிறது என்று 2016இல் மிசுஷிமாவின் குழு காட்டியிருந்தது இங்கே நினைவுக்கு வருகிறது. யுபிக்விட்டின் போன்ற புரதங்கள் இல்லாவிட்டால் தன்னுண்ணலே இல்லை என்று பாடநூல்கள் எழுதும் வாக்கியத்தைத் திருத்த வேண்டிய நிலை இது. அவை இல்லாமலும் ஏதோ ஓர் அளவுக்கு வேலை நடக்கிறது. அவை இருக்கும்போது அது உரிய காலத்தில், உரிய வேகத்தில் நடந்து முடிகிறது. வளரும் மூளைக்குக் காலமும் வேகமும் எவ்வளவு முக்கியம் என்பதை இரண்டு மரபணுக்களின் நோயாளிகளும் ஒருசேரக் காட்டுகிறார்கள்.

ஐயத்துக்குரியவை

ஏடிஜி5 மாற்றம் குறித்த ஆய்வில் வலுவற்ற இடங்கள் உண்டு. சோதிக்கப்பட்டவை இரத்தத்திலிருந்து வந்த செல்கள், நரம்பு செல்கள் அல்ல. ஏடிஜி12–ஏடிஜி5 கூட்டு எல்சி3யை ஒற்றைச் சவ்வுள்ள பைகளிலும் ஏற்றுகிறது. விழுங்குசெல்கள் தாங்கள் விழுங்கிய பொருளைச் செரிக்கும்போது இது நடக்கிறது. எனவே இந்தக் குடும்பத்தின் நோயில் தன்னுண்ணலின் பங்கு எவ்வளவு, எல்சி3 இணைப்பின் பிற வேலைகளின் பங்கு எவ்வளவு என்பதை இந்தச் சோதனைகள் பிரித்துக் காட்டவில்லை. ‘தன்னுண்ணல் குறைபாடு’ என்பதைக் காட்டிலும் ‘ஏடிஜி12–ஏடிஜி5 இணைப்புக் குறைபாடு’ என்று அழைப்பதே துல்லியமானது. நோயின் பெயரில் செய்முறையின் ஒரு படியைச் சொல்வது மருத்துவர்களுக்கு வறட்சியாகத் தோன்றலாம். ஆனால் சிகிச்சை தேடுவோருக்கு அந்த வேறுபாடு முதன்மையானது. ராப்பாமைசின் போன்ற மருந்துகள் தன்னுண்ணலைத் தூண்டுவது, பை உருவாவதற்கான தொடக்கக் கட்டளையின் மீதுள்ள தடையைத் தளர்த்திவிடுவதன் மூலம். இந்த உடன்பிறப்புகளில் கட்டளை சரியாகவே இருக்கிறது, அதை நிறைவேற்றும் இணைப்பில்தான் இடையூறு. கட்டளையை உரக்கச் சொல்வதால் தேங்கும் இணைப்பு விரைவுபடும் என்று எதிர்பார்க்க அடிப்படை எதுவும் இல்லை. அதிலும் சிறுமூளை அமைந்து முடிந்த வயதில் அத்தகைய மருந்தைத் தருவதற்கு முன் இரண்டு முறை எண்ண வேண்டும்.

காரணம் தெரியாத பிறவித் தள்ளாட்டமும் சிறுமூளை வளர்ச்சிக் குறைவும் உள்ள பிள்ளையின் எக்சோமில் ஏடிஜி5, ஏடிஜி7, ஏடிஜி10, ஏடிஜி12, ஏடிஜி3 ஆகியவற்றில் ஒன்றில் இரு பிரதிகளிலும் அரிய மாற்றம் தென்பட்டால், கணினிக் கணிப்பு அதைத் தீங்கற்றது என்று சொன்னாலும் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அந்த அமினோ அமிலம் ஈஸ்ட் வரை மாறாமல் வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு பிள்ளையின் செல்களில் தனித்த ஏடிஜி5க்கும் பிணைந்த ஏடிஜி5க்கும் உள்ள விகிதத்தையும், பாஃபிலோமைசின் ஏ1 சேர்த்தும் சேர்க்காமலும் எல்சி3இன் இரு பட்டைகளையும், நலமான உடன்பிறப்பு அல்லது பெற்றோரின் செல்களோடு பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். செல் வளர்ப்பு வசதியும் வெஸ்டர்ன் பிளாட் செய்யும் பழக்கமும் உள்ள ஆய்வகம் எதுவும் இதைச் செய்யலாம். விகிதம் மாறியிருந்தால், அதே மாற்றத்தை ஈஸ்டில் ஏற்றிப் பாஸ்ஃபடேஸ் சோதனையில் அளப்பது அடுத்த படி.